இரண்டு மணிக்கு ஒருமுறை

ஓல்டனில் நவம்பர் என்றால் மூடுபனிதான்.
ஆரே ஆறு கீழே ஓடுகிறது என்பதைப்
பாலத்தின் குளிரை வைத்துத்தான் நம்பவேண்டும்.
ஒன்பது இருபது ரயிலில் இறங்கி
மூன்றாம் மாடிக்கு ஏறுவேன்.
பதினான்கு கட்டில், பதினான்கு தலைக்கவசம்.
உள்ளே அவர்கள் ஏதோ ஒரு ராச்சியத்தில்
வாளோடு திரிகிறார்கள்.
எனக்கு, வெளியே,
பதினான்கு சிறுநீர்ப் பைகள்.

ஏழாம் கட்டில் ரேட்டோ. கூரை வேய்கிறவன், இருபத்தாறு வயது.
தலைமாட்டுத் திரையில் மூன்றே எண்கள்:
உயிர், படி, பொற்காசு.
நான்கு லட்சம் காசு வைத்திருக்கிறான்.
தாய் ஞாயிறுதோறும் வந்து
அவன் காலுறையின் ஓட்டையைத் தைத்துவிட்டுப் போகிறாள்.

என் வேலை சுலபம்.
பத்து மணிக்கு இடப்பக்கம், பன்னிரண்டுக்கு வலப்பக்கம்,
இரண்டுக்கு மறுபடி இடம்.
திருப்பாவிட்டால் முதுகுத்தோல் புண்ணாகும்.
எலுமிச்சைப் பஞ்சால் வாயைத் துடைப்பேன்.
நகம் வெட்டுவேன்.
டிராகனைக் கொன்றவனுக்கும் நகம் வளரும்.

ஒரு விடியலில், காப்பி இயந்திரத்தருகே,
பொறியாளர் ஃபாபியென் காகிதம் ஒன்றை வாசித்துக் காட்டினான்.
உள்ளே அவர்கள் கதைப்பதெல்லாம்
எழுத்தாய் விழுகிறதாம்.
"மலைகள் ஒவ்வொரு இரண்டு நாழிகைக்கும் சாய்கின்றன.
சாய்ந்தபின் எலுமிச்சை மழை.
சாய்ப்பவளுக்குக் கோயில் கட்டியாயிற்று.
கூரையை ரேட்டோ வேய்ந்தான்."
ஃபாபியென் சிரித்தான்.
எனக்கு இடுப்பு வலித்தது.
கோயில் கட்டினவர்கள்
ஒரு நாற்காலியும் போட்டிருக்கலாம்.

பிறகு பனிப்பொழிவில் ரயில் நின்ற அந்த இரவு.
ஆராவ் நிலையத்தில் நான்கு மணிநேரம்
ஈரச் சப்பாத்தோடு இருந்தேன்.
எனக்குப் பதிலாய் வந்த பிள்ளை
வலமிடம் மாற்றித் திருப்பியிருக்கிறாள்.
மறுநாள் காகிதத்தில்:
"சூரியன் பிழையான பக்கத்தில் உதித்தது.
மூன்று பேர் போருக்குப் போக மறுத்தார்கள்."
அதன்பிறகு நான் லீவு கேட்கவில்லை.
பயத்தில் என்று சொல்லமாட்டேன்.
கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை யாரிடம் சொல்வது?

மார்ச்சில் கடைசி வாசல் திறந்தது.
அரக்கன் செத்தானாம், பெயர் மறந்துவிட்டேன்.
இரண்டாம் கட்டில் முதலில் கண்விழித்து
தண்ணீர் கேட்கவில்லை,
"என் குதிரை எங்கே?" என்றாள்.
பதினொன்றாம் கட்டில் அழுதுகொண்டே ரொட்டி தின்றது.
ஒரு கிழமையில் பதின்மூன்று மெத்தைகளை உரித்துத்
துவைக்கப் போட்டேன்.

ரேட்டோ வரவில்லை.
ஒன்பது நாளாய் வாசல் திறந்தே கிடக்கிறது.
அவன் படியில் உட்கார்ந்திருக்கிறானாம்,
மலை சாய்வதற்காக.
காகிதத்தில் ஒரே வரி, திரும்பத் திரும்ப:
"அங்கே போனால் யார் என்னைத் திருப்புவார்கள்?"

தாய்க்கு இதைக் காட்டவேண்டாம் என்றேன்.

இன்றிரவு இரண்டு மணிக்குப்
போர்வையை விலக்கினேன். கையை அவன் தோளடியில் விட்டேன்.
திருப்பவில்லை.
நான் சாய்க்காத மலை
அங்கே நேராய் நிற்கட்டும் என்று நின்றேன்.
திரையில் உயிர் எண் மெல்லத் துடித்தது.
என் கைக்குள் அவன் தோள் சூடாக இருந்தது, ஆள் சூடு.

குனிந்து, கவசத்தின் ஓரம், காதருகே,
அவனுக்குத் தெரியாத என் மொழியில் சொன்னேன்:
இங்கே காசு இல்லை, ரேட்டோ.
முதுகு எரியும். கால் நிற்காது,
குழந்தைபோல் பழகவேண்டும்.
உன் காலுறையில் ஐந்து இடத்தில் தையல்.
வெளியே பனி. ஆறு தெரியாது,
ஆனால் இருக்கிறது.
திரும்புவது இனி உன் வேலை.
நேரமாச்சு,
வெளிக்கிடு.

அவன் அசைந்தானா,
என் கை நடுங்கியதா, தெரியவில்லை.
அட்டவணையில் இரண்டு மணிக்கு நேரே
முதன்முறையாக ஒன்றும் எழுதாமல் விட்டேன்.